கதவு வழியே ஒரு தாலாட்டு

தையற்காரரின் மகளுக்கு ‘வாயாடி’ என்று பெயர் வைத்தவர் அவள் அப்பாவேதான். அந்த வாய்க்கே இப்போது பூட்டு விழுந்திருந்தது. ஃப்ளூ காய்ச்சல். அடித்துப் போட்டாற்போல் உடம்பெல்லாம் வலி. பேச வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

“அஞ்சு நாள் தனி ரூம். வெந்நீர் குடி, நல்லாத் தூங்கு. பாப்பா இருக்கிற பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே,” என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

பாப்பா என்றால் தம்பி குண்டுமணி. நான்கு மாதக் குழந்தை. அக்கா தாலாட்டுப் பாடினால்தான் பகலில் உறங்குவான். வேறு யார் பாடினாலும் வீடு இரண்டுபடும்.

நண்பகலில் கூடத்தில் அழுகை தொடங்கியது. அம்மா பாடினாள். அழுகை ஏறியது. அப்பாவும் சேர்ந்து பாடினார்.

“நீங்க பாடாம இருந்தாலே பாதி அழுகை நின்னுடும்,” என்றாள் அம்மா. பிறகு குரல் தாழ்ந்தது. “ரெண்டு நாளாத் தூங்கலையே இவன். முகமே வாடிப்போச்சு.”

வாயாடிக்கு மனம் கேட்கவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஒரே ஒரு நிமிடம் தூக்கினால் போதும், அடங்கிவிடுவான்.

அதற்குள் தும்மல் வந்தது. ஒன்றல்ல, மூன்று. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தவள், தாழ்ப்பாளை மறுபடி தொடவில்லை.

பாட முடியாது. தூக்கவும் கூடாது. ஆனால் பாடும்போதெல்லாம் தம்பியின் முதுகில் தட்டுவாளே, அந்தத் தாளம் இருக்கிறதே.

மர அளவுகோலை எடுத்துக் கதவில் மெல்லத் தட்டினாள். டொக்… டொக்டொக். டொக்… டொக்டொக்.

“என்னடி, தண்ணி வேணுமா?” என்றாள் அம்மா.

“உஷ். இவனைப் பாரு,” என்றார் அப்பா. “அழுகையை விட்டுட்டுக் கதவையே பாக்கறான்.”

சிறிது நேரத்தில் காய்ச்சலில் அவள் கை ஓய்ந்தது. கூடத்தில் மீண்டும் சிணுங்கல் எழுந்தது. தொண்டையில் மிஞ்சியிருந்த காற்றையெல்லாம் திரட்டி, கதவிடுக்கில் வாயை வைத்தாள் வாயாடி.

“அப்பா… மிஷினை இதே மாதிரி மிதிங்க.”

தையல் இயந்திரம் பேசத் தொடங்கியது. டடக்… டடக்டடக். குண்டுமணியின் இமைகள் தாழ்ந்தன.

அப்பா காலை நிறுத்திப் பார்த்தார். ஒரு கண் திறந்தது. அவசரமாக மறுபடியும் மிதித்தார்.

“நான் எப்போ சாப்பிடறது?” என்றார் பரிதாபமாக.

“ஊட்டி விடறேன். நீங்க காலை நிறுத்திடாதீங்க.”

கதவுக்கு உள்ளே இதைக் கேட்டுச் சிரிக்க ஆளில்லை. வெந்நீரைக் குடித்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்த வாயாடியையும் அந்தத் தாளம் தூங்க வைத்திருந்தது.