காதுக்குள் வந்த வசனம்

காதுக்குள் இருந்த கருவி மூச்சு விட்டது. மேடையில் மேசை முன் உட்கார்ந்திருந்த லீத் காரிகன் அதைத் தெளிவாகக் கேட்டார். நரெல் வசனம் எடுத்துக்கொடுக்கும்போது மூச்சுச் சத்தம் வந்ததே இல்லை.

எழுபதைக் கடந்த பிறகு அவருக்கு வசனம் மனதில் தங்கவில்லை. லான்செஸ்டன் நகர நாடக அரங்கின் பக்கத்திரைக்குப் பின்னால் நாடகப் பிரதியோடு உட்கார்ந்து நரெல் மைக்கில் முணுமுணுப்பாள். அவர் அப்படியே திருப்பிச் சொல்வார். இந்த மதியக் காட்சிக்கு முன் கருவியை மாட்டிவிட்டபோதும் சீண்டினாள்.

"பெருசு, நான் தும்மினா அதையும் வசனமாச் சொல்லிடாதே."

"நீ தும்மு. நான் அதுக்கும் கைத்தட்டு வாங்குறேன்."

சிரித்தார்கள். ஆனால் போன வாரம் நடுக்காட்சியில் அவர் வாயடைத்து நின்றதை இயக்குநர் மறக்கவில்லை. இன்னொரு தடவை அப்படி நின்றால் வேஷம் வேறொருவருக்கு. அதற்குப் பின் யாரும் கூப்பிடப் போவதில்லை என்று லீத்துக்குத் தெரியும்.

ஜூலை மழை கூரைத் தகரத்தில் இரைந்துகொண்டிருக்க, விளக்குச் சூட்டில் தூசி கருகும் வாசனை மேலிருந்து மெல்ல இறங்க, எதிரே மகளாக நடிக்கும் டெஸ், பண்ணையை விற்றுவிடலாமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பதில் நினைவில் இல்லை. தேடிய இடமெல்லாம் இருட்டு. அப்போது குரல் வந்தது.

"தண்ணி உப்புக் கரிக்குது. மேல இழுங்கடா."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. இது இந்த நாடகத்து வசனமில்லை. இளம் வயதில் புரூம் கடற்கரையில் எடுத்த படத்தில், முத்துக்குளிப்பவனாக மூழ்கிச் சாகும்முன் பேசியது. படங்களில் அவர் பல சாவு செத்திருந்தார்.

நாக்கில் உப்புக் கரித்தது.

"உக்காந்துகிட்டே கனவாப்பா?" என்று டெஸ் சமாளித்தாள். பிறகு உதடு அசையாமல், "பண்ணை, லீத். பண்ணை."

"கயிறு இறுகுது" என்றது காது.

தூக்கில் தொங்கிய கைதி வேஷம். சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்தார். ஐம்பது வருஷ நடிப்புப் பழக்கம். வாய் சொல்லிவிட்டது. சட்டைக் காலருக்குள் ஏதோ சுருண்டது. முரடாக. சணல் வாசனை.

நரெலின் குரல் அல்ல. ஆண் குரல். இளசு. எங்கும் தடுமாறாத, கணீரென்ற குரல்.

அவருடையது.

பக்கத்திரையைப் பார்த்தார். நரெல் எழுந்து நின்றிருந்தாள். கையில் மைக். அதன் விளக்கு அணைந்திருந்தது. வேலை செய்யவில்லை என்று கையை ஆட்டினாள். ரொம்ப நேரமாவே, என்றது அவள் வாயசைவு.

கருவியைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

மழை. டெஸ்ஸின் மூச்சு. வேறொன்றுமில்லை.

நரெலைக் கூப்பிட வாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. மேசைமேல். மடிமேல். நிற்காமல். கழுத்து தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. இருட்டில் யாரோ கைதட்ட, வரிசை வரிசையாக எல்லோரும் தட்டினார்கள்.

கருவி இல்லாத காதுக்குள், கைத்தட்டல் ஓயும்வரை குரல் காத்திருந்தது, தேர்ந்த நடிகனைப் போல.

"அடுத்தது" என்றது.