வலையைத் தொடாத அழைப்பு

ஞாயிறு மாலை மலை வளாகம் முழுவதும் ஊமையாகக் கிடந்தபோது, பேராசிரியர் மகுடேசுவரனின் வீட்டில் மட்டும் பேச்சுக் குரல் கேட்டது.

"சாப்டியா?"

"ஆச்சுங்கப்பா."

"உடம்பு?"

"நல்லாருக்குதுங்க."

"வேலையெல்லாம்?"

"போகுதுங்கப்பா. குளிருதான் ஜாஸ்தி."

"சரி, வெச்சிர்றேன்."

பின்லாந்தில் இருக்கும் மகன் செங்கோட்டுவேலின் குரல் அடங்கியது. ஊகப்பேசியை மேசைமேல் வைத்தார். மகனுடன் பேசுவதற்குக்கூடச் சலவைச் சட்டை போட்டு, நிமிர்ந்து உட்காருகிறவர் அவர்.

கதவைத் தட்டிக்கொண்டு ரெஹானா நின்றாள். வலையியல் ஆய்வு மாணவி. மாணவர் பேரவைத் தலைவி.

"யார்கிட்ட சார் பேசினீங்க?"

"பையன்கிட்ட."

"நாங்க அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள கட்டாகுது. உங்களுக்கு மட்டும் எப்படி சார்?"

உச்சியில் இருக்கும் விண்தொலைநோக்கிக்கு இடைஞ்சல் என்று அந்த மலையில் கைப்பேசிக் கோபுரமே கிடையாது. வெளியுலகுக்கு ஒரே வழி, தொலைநோக்கியின் தரவுகளும் போகிற வளாக வலை. அதில் அழைப்பு மென்பொருள் எதுவும் ஓடக்கூடாது என்று ஆணையிட்டவர் வலைக்குழுத் தலைவர் மகுடேசுவரன்தான். கோடி ஆண்டுகள் நடந்து வரும் ஒளி, ஒரு வீட்டு அரட்டைக்காக வாசலில் நிற்கக் கூடாது என்பது அவர் வாதம்.

"ஹாஸ்டல்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா சார்? தலைவர் வீட்டுக்குத் தனி லைனாம்."

அவர் எழுந்து நின்றார். "எங்க குடும்பத்துல எவனும் திருட்டு வழியில ஒண்ணும் அனுபவிச்சதில்ல, அம்மிணி. வலை அளவுமானிய எடுத்துட்டு வா. அடுத்த வாரம் நான் பேசறப்ப நீயே பக்கத்துல உக்காந்து பாரு."

அவள் வந்தாள். அளவுமானியைப் பொருத்தினாள். அவர் பேசினார், மகன் சாப்பிட்டிருந்தான், உடம்பு நன்றாக இருந்தது, குளிர்தான் அதிகம். அளவுமானியின் முள் கடைசிவரை அசையவில்லை.

"உங்க மேல தப்பில்ல சார். ஒரு துளிகூட வெளிய போகலை."

"இத அப்படியே எழுதி ஹாஸ்டல் பலகையில ஒட்டு."

"ஒட்டறேன் சார்." அவள் எழவில்லை. "வெளிய போகலைன்னா... உள்ளயும் ஒண்ணும் வரலை."

ஊகப்பேசி, வலையின் சுமையைக் குறைக்க வந்த கருவி. எதிர்முனையில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று பழைய பேச்சுகளைக் கொண்டு கணித்து, அவர் குரலிலேயே தானே சொல்லிவிடும். கணிக்க முடியாத சொல் வந்தால் மட்டும் வலையைத் தொடும். மாணவர்களும் அதில்தான் பேசினார்கள்; ஆனால் சண்டை போட்டார்கள், அழுதார்கள், பொய் சொன்னார்கள். கருவி தடை போட்ட வலையைத் தொட, அவர்கள் அழைப்பு உடனே அறுந்தது.

"உங்க பேச்சுல அந்த மாதிரி இடமே வரலை சார்."

"அப்ப என் பையன்?"

"அவர் கருவியில உங்க குரல் இருக்கும். இதே மூணு கேள்விய அவர்கிட்ட கேட்டுட்டிருக்கும்."

"ஆணை போட்ட நாள்லருந்தா?"

ரெஹானா கம்பியைச் சுருட்டினாள். "அதுக்கு முன்னாடியே இருக்கலாம் சார்."

அவள் போன பிறகு அவர் விளக்கைப் போடவில்லை. மகன் தன் விருப்பப்படி செல்மாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மூன்று கேள்விகளைத் தாண்டி அவர் பேசியதில்லை. கோபம் தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் முதலில் கேட்கட்டும் என்றிருந்தார். ஒருவேளை கேட்டிருப்பானோ? கேட்டபோது அவர் குரலில் கருவி என்ன பதில் சொல்லியிருக்கும்?

ஊகப்பேசியை எடுத்தார்.

"வேலு."

"சொல்லுங்கப்பா."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "செல்மாவையும் கூட்டிட்டு ஒருக்கா வந்துட்டுப் போ சாமி. எனக்கு உங்களப் பாக்கோணும்."

மகனின் குரல் வரவில்லை. வேறொரு குரல் வந்தது.

"இது புதிய பேச்சு. அனுப்ப வலை தேவை. வலைக்குழுத் தலைவரின் அனுமதி பெற்று முயலவும்."

அனுமதி தரக்கூடியவர் அந்த மலையில் ஒருவர்தான். அவர் வீட்டில் தனி வழி எதுவும் இல்லை என்ற அறிவிப்பை அந்நேரம் விடுதிப் பலகையில் பிள்ளைகள் கூட்டமாக நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"வெச்சிரட்டுங்களாப்பா?" என்றது மகனின் குரல்.

"ம்" என்றார்.