ஆஃபர் வரிசையில் கடைக்காரம்மா

காலையில் பால் பொங்குவதற்கு முன்பே நாத்தனார் பொங்கிவிட்டாள்.

“அண்ணா! இங்க வந்து பாரு இந்தக் கூத்தை! முழங்காலுக்கு நல்லதுன்னு தினம் நடக்கப் போறாளாம்... உன் பொண்டாட்டி எங்க நடந்துட்டு வர்றான்னு பாரு!”

பின்கதவில் கால் வைத்த கடைக்காரம்மா அப்படியே நின்றுவிட்டாள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். வீட்டின் முன்னறைதான் மளிகைக் கடை. கல்லாவில் உட்காருபவர் அவள் புருஷன். அவள் கையில் இருந்த பையிலோ, மெயின் ரோட்டுப் பெரிய கடையின் பெயர் கொட்டை எழுத்தில்! வழக்கமாகப் பழைய துணிப்பையில் மாற்றிக்கொண்டு வருவாள். பாழாய்ப்போன அந்தப் பை இன்று பார்த்தா கிழிய வேண்டும்?

பெரிய கடை திறந்த நாளிலிருந்து அதன் பெயரைச் சொன்னாலே இந்த வீட்டில் சோறு இறங்காது. அங்கே ஓடிய வாடிக்கைக்காரர்களைக் கடைக்காரர் தெருவிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்குவார். “அவசரத்துக்குக் குழந்தைக்குப் பால் வேணும்னா அவனா கதவைத் திறப்பான்? நான்தானே திறக்கணும்!” நியாயம்தான். அந்த நியாயத்துக்குத் தலையாட்டிக்கொண்டே சனங்கள் ஆஃபருக்கு நடந்தார்கள். பிறகு என்ன மாயமோ, கொஞ்ச காலமாகப் பலர் திரும்பி வந்திருந்தார்கள். கடைக்காரருக்கு ஒரே பெருமை.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “என் புள்ள ஒத்தையா மல்லுக்கட்டுறான்... கட்டினவளே அந்தக் கடைக்குப் போறாளே! கூட இருந்தே குழி பறிக்கிறியேடி!”

கடைக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ஊர்க்காரங்க போனப்ப மனசைத் தேத்திக்கிட்டேன்... இதுக்கு என்னத்தச் சொல்லித் தேத்திக்க?”

அவள் வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள். சொன்னால் தன்மேல் விழுந்த பழி போய்விடும். ஆனால் அவரை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும் பெருமையும் சேர்ந்து போய்விடுமே! இருக்கட்டும், பழி என்னோடு போகட்டும் என்று அடுப்பை அணைக்கப் போனாள்.

அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசவில்லை. அவள் வைத்த தட்டைத் தொடவில்லை. மத்தியானம் அவர் கண்ணயரும் நேரத்தில் கம்பெனி ஏஜென்டிடம் சரக்கெடுப்பது இத்தனை நாளும் அவள் பொறுப்பு, அதையும் பிடுங்கிக்கொண்டார்.

ஏஜென்ட் வந்தான். அவள் சமையல்கட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

“சோப்பு, டீத்தூளெல்லாம் அவளுக்கு வழக்கமா குடுக்குற ஸ்பெஷல் விலைக்கே போடுப்பா.”

“என்ன ஸ்பெஷல் விலைண்ணே? அக்கா எங்கிட்ட சோப்பு எடுத்தே மாசக்கணக்கா ஆச்சே! பெரிய கடை ஆஃபர்ல விக்கிற விலைக்கு எனக்கே கம்பெனி தர்றதில்ல... நான் எங்க போக?”

அவள் முன்னறையை எட்டிப் பார்த்தாள். அலமாரியில் இருந்த சோப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிய தடம்.

“அப்ப... நான் வித்ததெல்லாம்... அங்க வாங்கினதா?”

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

“வேற என்னங்க பண்ணுவேன்! ஏஜென்ட் விலைக்கு வித்தப்ப ஒரு ஆள் படியேறலியே... நம்ம நியாயம் புரிஞ்சுதான் வந்தாங்கன்னு சின்னப்புள்ள மாதிரி சந்தோஷப்பட்டீங்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு நான் எப்படிச் சொல்லுவேன்? ஆஃபர்ல ஒரு குடும்பத்துக்கு ஒரு பில்லுதான்னு வெச்சிருக்கான். முக்காடு போட்டுக்கிட்டு மறுபடி வரிசையில நிப்பேன்... ஒருநாள் கண்டுபிடிச்சு, அத்தனை பேர் முன்னாடி பையைக் கொட்டச் சொன்னாங்க...”

நாத்தனார் தரையைப் பார்த்தாள். மாமியார்தான் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “பாவி மகளே... எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா!”

ஆள் வந்து டீத்தூள் கேட்டபோதும் கடைக்காரர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலப் புறப்பட்டபோது செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். “நானும் வரேன்.” வழியெல்லாம் அவ்வளவுதான் பேச்சு.

வரிசையில் அவளுக்குப் பின்னால், ரெண்டாவது பில்லுக்கு ஒரு கூடையைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுவே பெரிய தண்டனை!

பில் போடும் பெண் நிமிர்ந்தாள். “ஒரு குடும்பத்துக்கு ஒரு பில்லுதாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?”

“இல்லம்மா... இவர் யாரோ.” பழக்க தோஷத்தில் அவள் வாயிலிருந்து பட்டென்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். ஐயோ... அந்த முகம்!

“என் சம்சாரம்மா,” என்றார் அவர், வரிசைக்கே கேட்கும்படி. “நாங்க ஒரே வீடு.”

அந்தப் பெண் அவர் கூடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “ஏங்க சொன்னீங்க? இனி கடை என்னங்க ஆகும்?”

“எத்தனை நாளைக்கு ஓடுமோ ஓடட்டும். என்னை யாரோன்னு நீ சொல்லித்தான் அது நடக்கணும்னா...” அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். “இன்னும் சாப்பிடல இல்ல நீ? வா, போலாம்.”