வாயால் ஊதிய விளக்கு

கோபாலபுரத்தில் அந்தப் பழைய பங்களாவுக்கு நான் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போனது கார்த்திகை மாசம், புயல் மழையின் மூன்றாம் நாள். மணி ஐந்தரைதான். அதற்குள் கும்மிருட்டு. தெருவில் கரண்ட் இல்லை, முழங்கால் அளவு தண்ணீர்.

ஜானு மாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆவணியில் ஒரே மகன் பிரணவ் பைக் விபத்தில் போனதிலிருந்து சரியான சாப்பாடு கிடையாது. இன்றும் கஞ்சி இறங்காவிட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

துக்க வீடு. அந்த வருஷம் பண்டிகை கிடையாது. ஆனால் வாசற்படியில் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது.

"மாமி, நான் சுலோச்சனா, நைட்டுக்கு வந்துகிறேன். இன்னா மாமி, வாசல்ல வெளக்கு யாரு ஏத்துனது?"

"பகல் டியூட்டிக்கு வந்தவ மத்தியானமே போய்ட்டா. நான் எழுந்தே மூணு நாளாச்சு. ஆத்துல வேற யாரு இருக்கா?"

எத்தனையோ பிணத்தைக் குளிப்பாட்டிய கை என்னுடையது. ஆனாலும் அன்றைக்கு ஓடிப்போய் விளக்கை வாயால் ஊதிவிட்டேன். விளக்கைப் பூவால்தான் அமர்த்த வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பயத்தில் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது.

இருட்டு.

திரி கருகிய வாசனை.

அப்புறம் யாரோ என் முகத்தில் திருப்பி ஊதினார்கள்.

ஜில்லென்ற மூச்சு. ஆள் இல்லை.

உள்ளே மாமிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நாடி விட்டு விட்டு அடித்தது.

"அவனை அணைச்சுட்டியேடி, சுலோச்சனா..."

வாசலுக்கு ஓடினேன். தீக்குச்சி நமுத்துப்போய் ஒன்றுகூடப் பற்றவில்லை. அழுகை வந்துவிட்டது. படியில் மண்டி போட்டேன்.

"நைனா, தப்பு பண்ணிட்டேன். எனக்கோசரம் வேணாம். உங்கம்மா உசுரு போய்க்கினு கீது. ஏத்து நைனா."

திரி தானாகப் பற்றியது.

அகலை மாமி பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்தார். இழுப்பு அடங்கியது. நான் நீட்டிய கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.

"நாளைக்கு நானே ஏத்தறேன்டி. பாவம், அவன் ஒருத்தனா எத்தனை நாள் ஏத்துவான்?"

மறுநாள் சாயங்காலம் என் மேல் சாய்ந்தபடியே வாசலுக்கு வந்து, நான் வாங்கிவந்த புதுத் தீப்பெட்டியால் ஏற்றினார். தெருவில் மரத்தை முறிக்கிற காற்று. சுடர் அசையவே இல்லை.

மாமியின் இரண்டு கையும் தீப்பெட்டியில் இருந்தன. என் இரண்டு கையும் மாமியின் இடுப்பில்.

சுவரில், காற்றுப் படாமல் சுடரை மறைத்துக் குவிந்திருந்த இரண்டு ஆம்பளைக் கைகளின் நிழல்.