செத்தவன் கையை அழுத்தினான்!

"ஐயோ... செத்துட்டான்டா!"

செகந்திராபாத் பரேடு மைதானத்துக் கூடாரமே அலறியது.

மேடை நடுவில் அய்யாக்கண்ணு மல்லாந்து கிடந்தான். விழிகள் மேலே செருகி... நாக்கு வெளியே தள்ளி...

அவன் கழுத்தைச் சுற்றி ஒரு கறுத்த, கனத்த கை.

காங்கோ காலனின் கை!

'மனிதக் கறி தின்னும் காங்கோ காலன்' என்று நான்கு பாஷைகளில் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் சிங்கப்பல் மாலை. பற்களை மரத்தில் செதுக்கிக் கொடுத்தவன் பக்கத்து லாலாகூடாவின் தச்சன்.

அந்தக் காலனே இப்போது பயந்துபோனான்!

அவன் அழுத்தவே இல்லையே! தூங்கும் குழந்தையைத் தோளில் போடுவது மாதிரியல்லவா பிடித்திருந்தான்? மேடைக் குஸ்தியில் முக்கால்வாசி நாடகம். அடிப்பது போல் அடிப்பார்கள். சாவது போல் விழுவார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் அது தெரியாது.

அவசரமாக அய்யாக்கண்ணுவின் கையைத் தேடிப் பிடித்தான். லேசாக அழுத்தினான்.

அது அவர்கள் தொழிலின் ரகசிய வழக்கம். லண்டனோ லாகூரோ, ஒரே வழக்கம்தான். அழுத்தினால் 'நல்லாயிருக்கியா?' என்று அர்த்தம். திருப்பி அழுத்தினால் 'நல்லாயிருக்கேன்.'

பதில் இல்லை.

மறுபடியும் அழுத்தினான்.

அய்யாக்கண்ணுவின் விரல்கள் அசைந்தன...

செத்தவன் கையை அழுத்தினான்!

அப்பாடா! இதுவும் நாடகம்தானா! காலனின் முகத்தில் நிஜமான பயம் தெரியட்டும் என்று அவனிடம் மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். சரியான ஆட்கள்!

அதற்குள் முதலாளி குணசேகரன் மேடைமேல் தாவினார். அய்யாக்கண்ணுவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மார்பில் அடித்துக்கொண்டார்.

"போயிட்டான்யா! என் பயில்வானைக் கொன்னுட்டான்யா இந்த மிருகம்!"

முதல் வரிசையில் இருந்த இன்ஸ்பெக்டர் சிலாஸ் எழுந்தார். கைவிலங்கு வந்தது.

காலனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆஹா, விலங்குகூட ஏற்பாடு பண்ணியிருக்கிறார்களே! உறுமினான். பல்லைக் காட்டினான். கான்ஸ்டபிளின் தொப்பியைக் கடித்தான். முன்வரிசை மொத்தமும் நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடியது.

அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பிரமாதமாக நடித்தது அன்றைக்குத்தான்.

ஒரு கொலைக் கேஸுக்காக நடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியாமல்!

* * *

காங்கோ காலன் காங்கோவை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.

நிஜப் பெயர் கத்பர்ட் முனுசாமி. ஊர் டிரினிடாட் தீவு. செங்கல்பட்டிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறிய அப்பா. அந்தத் தீவிலேயே பிறந்த கறுப்பின அம்மா. உயரமும் தோளும் அம்மா கொடுத்தது. தமிழ் அப்பா கொடுத்தது.

கப்பலில் கரி தள்ளிக்கொண்டே லண்டன் போனான். சந்தைகளில் குஸ்தி பழகினான். குணசேகரன் கண்ணில் பட்டான்.

"இந்தியாவுல நீ காங்கோ. வெளியில உறுமல் மட்டும்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினாலும் உன் தொழில் முடிஞ்சுது!" என்று இங்கிலீஷில் சொல்லி அழைத்துவந்தார். தமிழ் தெரியும் என்பதை அவரிடமே சொல்லவில்லை முனுசாமி. பாதி செங்கல்பட்டுக்காரனைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்?

ஆறு மாதமாக 1937-ஆம் வருஷத்து செகந்திராபாத்தில் ஊமை வாழ்க்கை. சுற்றிலும் அப்பாவின் பாஷை. ரயில்வே குடியிருப்பில் சண்டை போடுகிறார்கள், மாதா கோயில் வாசலில் வம்பு பேசுகிறார்கள், எல்லாம் புரிகிறது. பதில் மட்டும் சொல்லக்கூடாது. அவனைக் கண்டால் தெருவே ஒதுங்கியது. நாய்கள்கூட எதிர்ச் சந்துக்குப் போயின.

அய்யாக்கண்ணு ஒருவன்தான் ஒதுங்காதவன்.

வாரம் முழுக்க லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி அடிப்பவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பயில்வான். மாட்டிடம் பேசுவது மாதிரி முனுசாமியிடம் பேசுவான்.

"இன்னாடா காலா, துன்னியா? எங்க வூட்ல அம்மணி கட்டிக் குடுத்துது. புளிச்சோறு. உனக்கு எங்க புரியப்போவுது... இந்தா, துன்னு!"

முனுசாமி உறுமிக்கொண்டே தின்பான். கண்ணில் நீர் வரும். காரம் என்று அய்யாக்கண்ணு நினைத்துக்கொள்வான். அவ்வளவு நல்ல புளிச்சோற்றைப் பார்த்து உறுமுவது எவ்வளவு கஷ்டம் என்பது உறுமிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

மேடையில் கை அழுத்தும்போது மட்டும்தான் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். நல்லாயிருக்கியா? நல்லாயிருக்கேன். அந்த ஊரில் அவனை நலம் விசாரித்த ஒரே மனிதன், அவன் கொல்வதாக நோட்டீஸ் ஒட்டப்பட்டவன்!

அன்று மேடை ஏறுமுன் அய்யாக்கண்ணு சொன்னான்:

"காலா... வடக்கேர்ந்து ரயில்ல வருதே புது குஸ்தி மெத்தை, அதுல ஒரு வாடை. ஓரத்தைக் கிழிச்சுப் பாத்தேன்டா. உள்ள நாரு இல்ல... அபினி! முதலாளிகிட்ட கேட்டேன், மூஞ்சி செத்துப்போச்சு. நாளைக்கு ஒர்க்‌ஷாப் துரை காதுல போட்டுடுவேன். உங்கிட்ட சொன்னா செவுத்துகிட்ட சொன்னாப்ல..."

அய்யாக்கண்ணுவுக்கு அந்த நாளை வரவே இல்லை.

* * *

லாக்கப்.

விலங்கோடு உட்கார்ந்து, எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தான் முனுசாமி. வெளியே கான்ஸ்டபிள் காதர். கடிபட்ட தொப்பியைத் தடவிக்கொண்டே, புதுத் தொப்பியை ஏன் கடித்தாய் என்று அந்த ஊர் உருதுவான தக்கினியில் முனகினான்.

"நயா டோப்பி ரே... கைக்கு காட்டா ரே!"

அந்தி சாயும் நேரத்துக்கு இன்ஸ்பெக்டர் சிலாஸ் வந்தார். பின்னாலேயே குணசேகரன்.

முதலாளி வந்துவிட்டார்! முனுசாமி எழுந்தான்.

"என்னவே, ஒழுங்கா முடிச்சீரா?" என்றார் சிலாஸ். பச்சைத் தமிழ்!

"முடிச்சுட்டேன் சார். செத்த மாதிரி படுத்திருடா, அடுத்த வாரம் உயிரோட எழுந்து வா, ஊரே அதிரும்னு சொல்லியிருந்தேன்ல? அப்படியே படுத்திருந்தான். உள்ள தூக்கிட்டுப் போய், எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, பின்னாலேர்ந்து கழுத்துல கையைப் போட்டேன்... மடையன், அதுவும் நாடகம்னு நெனச்சு சிரிச்சான் சார்!"

எழுந்த முனுசாமி மறுபடியும் தரையில் உட்கார்ந்தான்.

"சத்தம் போட்டுப் பேசாதேயும்..."

"யாருக்குப் புரியும்? உள்ள இருக்கறது காங்கோ. வெளிய நிக்கறது துலுக்கன்."

சிலாஸ் சிரித்தார். "காதருக்கா? கழுதைன்னு தமிழ்ல திட்டினா சலாம் போடுவான். சரி, மெத்தை எங்க?"

"கூடாரத்துல. நாளைக்கு மத்தியானம் மெட்ராஸ் வண்டில ஏத்திடலாம். இவனை என்ன பண்றது சார்? கோர்ட்ல இங்கிலீஷ்ல வாயைத் திறந்துட்டா?"

"கோர்ட் வரைக்கும் போனாத்தானே? காலையில உம்ம கார்ல கூட்டிட்டுப் போவோம். ஹுசேன் சாகர் கரையில தப்பி ஓடப் பார்த்தான்... முதுகுல சுட்டேன்! கொலைகாரனும் காலி, கேஸும் காலி."

போய்விட்டார்கள்.

முனுசாமி கம்பியைப் பிடித்து உலுக்கினான். இங்கிலீஷில் கத்தினான். ஆறு மாத ஒப்பந்தம் காற்றில் பறந்தது.

"சுப் பைட் ரே! நக்கோ சில்லா!" கத்தாமல் உட்கார் என்று அதட்டினான் காதர். அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்ததாகத் தெரியவில்லை.

தொண்டை வறண்டு சுவரோடு சாய்ந்தான் முனுசாமி. வாய் தானாகத் திறந்தது. அப்பாவின் பாஷை கொட்டியது, யாரிடம் என்றில்லாமல்.

"நான் கொல்லலை... அவன் என் கையை அழுத்தினானே. நல்லாயிருக்கேன்னு சொன்னானே. நான் உறுமிட்டு வந்தேன்... அவனை உள்ள கொண்டுபோய்க் கொன்னுட்டாங்க. எனக்குப் புளிச்சோறு குடுத்தவன்... பேர்கூட நான் அவனுக்குச் சொன்னதில்ல..."

காதர் தொப்பியைத் தடவுவதை நிறுத்தினான்.

அதைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சுவருக்காவது இரக்கம் இருக்கும் போலிருந்தது!

* * *

காலைப் பனி. ஹுசேன் சாகர் ஏரிக்கரை. ஈ, காக்கை இல்லை.

கார் நின்றது. குணசேகரன் ஸ்டியரிங்கில் இருந்தார். சிலாஸ் விலங்கைக் கழற்றினார். தூரத்தைக் காட்டினார்.

"ரன்! ஓடு! போ!"

முனுசாமி இறங்கினான். நான்கு அடி நடந்தான்.

திரும்பினான். சாலை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்!

"ஓட மாட்டேன் அய்யா."

சிலாஸின் துப்பாக்கி கீழே இறங்கியது.

"தமிழ்!? டேய்... இவன் தமிழ் பேசறான்வே!"

குணசேகரனின் முகம் வெளிறியது. "சார், சுடுங்க சார்!"

"நெஞ்சுல சுட்டா ஓடினான்னு எப்படி எழுதுவீங்க?" என்றான் முனுசாமி. இடத்தை விட்டு அசையவில்லை.

அது இன்ஸ்பெக்டருக்குத் தைத்தது. சுற்றிக்கொண்டு அவன் முதுகுப் பக்கம் போனார்.

முனுசாமி உட்கார்ந்தவாக்கிலேயே திரும்பினான். எதிரிக்கு முதுகைக் காட்டாதே என்பது குஸ்தியின் முதல் பாடம்.

சிலாஸ் இடப்பக்கம் ஓடினார். அவன் இடப்பக்கம் திரும்பினான். வலப்பக்கம் பாய்ந்தார். அவனும் வலப்பக்கம். மாவாட்டும் கல்லைப் போல முனுசாமி சுழல, அதைச் சுற்றிப் பூனையாக இன்ஸ்பெக்டர்! யாராவது பார்த்திருந்தால் டிக்கெட் போட்டிருக்கலாம்.

"குணசேகரா! பார்த்துட்டு உக்காந்திருக்கீரே! பிடிச்சுத் திருப்பும் அவனை!"

குணசேகரன் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து தோளைப் பற்றினார்.

அதுதான் அவர் செய்த தப்பு!

ஒரே சுழற்று! குணசேகரன் முனுசாமியின் மார்புக்கு முன்னால் இருந்தார். அவர் கழுத்தில் அந்தக் கறுத்த, கனத்த கை. ஆறு மாதமாக முனுசாமி போட்ட பிடியெல்லாம் பொய். இது பொய்யில்லை.

"சார்... சுடாதீங்க... நான் முன்னால இருக்கேன் சார்!"

"அய்யாக்கண்ணு சிரிச்சான்னு சொன்னியே," என்று காதோரம் கேட்டான் முனுசாமி. "நீ ஏன் சிரிக்கலை?"

கை இறுகியது. குணசேகரனின் கால்கள் உதைத்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும்... நோட்டீஸில் போட்டது நிஜமாகிவிடும்.

முனுசாமி அழுத்தவில்லை. அவனால் முடியவில்லை.

"விடும்வே அவனை! ரெண்டு பேரையும் சேர்த்துச் சுட்டுருவேன்!"

"சார்... சார்... நம்ம ரெண்டு பேரும் கூட்டாளி சார்!"

"இப்ப கூட்டு முடிஞ்சுது!"

சிலாஸ் குறி பார்த்தார். விரல் அசைந்தது...

டுமீல்!

சிலாஸின் கையிலிருந்து துப்பாக்கி பறந்து ஏரிக்குள் விழுந்தது!

பனிக்குள்ளிருந்து ஒரு கார். பக்கத்தில் கால்களை அகட்டி நின்று, புகையும் பிஸ்டலோடு வெள்ளைக்கார சூப்பரின்டென்டென்ட். காரின் தலையில் கயிறு போட்டுக் கட்டிய குஸ்தி மெத்தை. கிழிந்த வயிற்றிலிருந்து கறுப்பு உருண்டைகள் எட்டிப் பார்த்தன.

பின்சீட்டிலிருந்து இறங்கியவன்...

கான்ஸ்டபிள் காதர்!

"கா... காதர்! க்யா ஹை ரே யே?" இது என்னடா என்று கேட்ட சிலாஸுக்கு நாக்கு குழறியது.

"தமிழ்லயே கேளுங்க சார்," என்றான் காதர், மணி மணியான தமிழில். "நான் ஆம்பூர்க்காரன்!"

"உனக்கு... தமிழ்... இத்தனை வருஷமா?"

"தெரியும்னு சொன்னா உங்க வீட்டம்மா என்னைக் கறிகாய் வாங்க அனுப்புவாங்க. ஏற்கெனவே உருது தெரிஞ்ச பாவத்துக்கு உங்க பையனுக்கு வீட்டுப்பாடம் எழுதறேன். அதான் சார், கழுதைன்னு நீங்க திட்டறப்பல்லாம் சலாம் போட்டு நின்னேன். நேத்து நீங்க ரெண்டு பேரும் பேசினது, இந்தத் தம்பி செவுத்துகிட்ட அழுதது, எல்லாத்தையும் பெரிய துரைகிட்ட ஒப்பிச்சுட்டேன். துரை நம்பலை. கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போய் மெத்தையைக் கிழிச்சுக் காட்டினேன். நம்பிட்டாரு!"

விலங்குகள் மாறின. துரையின் கார் இரண்டு துரோகிகளோடு கிளம்பியது. அதில் இடமில்லை, குணசேகரனின் காரை ஓட்டத் தெரியாது; மிச்சமான முனுசாமியும் காதரும் நடந்தார்கள்.

"பேர் இன்னா தம்பி?"

"முனுசாமி."

காதர் தலையாட்டியதும், அதை இன்னொரு முறை தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டான். தொழில் போயிற்று. இனி காங்கோ காலன் இல்லை. ஆனாலும்...

"அண்ணே, அம்மணி அக்கா வீடு லாலாகூடால எங்க? அவங்க புளிச்சோறு நல்லா இருக்கும்னு சொல்லணும். ஒரு தடவைகூட சொன்னதில்ல. அவரு சிரிச்ச முகமாத்தான் இருந்தாரு, என் கையைப் பிடிச்சு நல்லாயிருக்கேன்னு சொன்னாருன்னும் சொல்லணும்..."

"சொல்லு தம்பி. நானும் வரேன்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது! டிரினிடாட் கடல், கரும்புத் தோட்டம், அம்மா சுட்ட மீன், அப்பா பாடிய தெம்மாங்கு... ஆறு மாதப் பேச்சு. மூச்சு விடாமல் பேசினான். ஏரிக்கரை முடிந்தது. பேச்சு முடியவில்லை. செகந்திராபாத் மணிக்கூண்டு தெரிந்தது. முனுசாமி தன் கதையில் அப்போதுதான் எட்டாவது வயசுக்கு வந்திருந்தான்.

காதர் நின்றான். கடிபட்ட தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டான்.

"தம்பி... லாலாகூடா வர்ற வரைக்கும் மட்டும் கொஞ்சம் காங்கோவா வாயேன்!"