அதிபர் வில்காக்ஸின் நான்கு நிமிடங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது முத்துவடிவு வழக்கம்போல் முப்பது கிலோ ஈயத்தை உடம்பில் கட்டிக்கொண்டாள். இடுப்பில் ஒரு பட்டை, தோள்களில் இரண்டு, கணுக்கால்களில் கொலுசு மாதிரி இரண்டு. நிலாவில் பிறந்த எல்லாரும் கட்டுவதுதான். கட்டாவிட்டால் எலும்பு அப்பளமாகிவிடும் என்பார்கள் டாக்டர்கள். கட்டினாலும் பூமியில் போய் நிற்கிற அளவுக்கு அது தேறாது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பிறகு மொழிக்காதைத் துடைத்து வலது காதுக்குள் செருகினாள். யார் எந்த மொழியில் பேசினாலும் தமிழாக்கிச் சொல்லும் கருவி அது. எந்த ஊர்த் தமிழ் வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளும். வடிவின் கொள்ளுத்தாத்தா நிலாவுக்குச் சுரங்கம் தோண்ட வந்த திசையன்விளைக்காரர். வீட்டில் இன்றும் அந்தப் பேச்சுத்தான். அதையே அவள் தேர்ந்தெடுத்திருந்ததால், அவளுடன் பேசிய அமெரிக்கர்கள் அத்தனை பேரும் திசையன்விளைச் சந்தையிலிருந்து நேராக வந்தவர்களைப் போலவே பேசினார்கள்.

அமெரிக்கர்களோடு பேசுவதுதான் அவள் வேலை. அந்நாட்டு அதிபர்களின் ஆவணங்களை நிலாவின் எரிமலைக் குகை ஒன்றுக்குள் கொண்டுவந்து வைத்து எண்பது வருடம் ஆகியிருந்தது. அங்கே ஈரம் கிடையாது, எலி கிடையாது, கரையான் கிடையாது. வடிவு அதிபர் ஆர்டன் வில்காக்ஸ் பிரிவின் பொறுப்பாளர். பத்தொன்பது வருடமாக அவர் காலத்து வாய்மொழி வரலாறுகளைக் கேட்டு, எழுதி, அடுக்கி வைத்திருந்தாள்.

மொத்தம் அறுநூற்று நாற்பது பேர் பேசியிருந்தார்கள். அமைச்சர், சமையல்காரர், மெய்க்காவலர், கம்பளம் துவைத்தவர் என்று யாரும் பாக்கியில்லை. வடிவுக்கு அந்தக் குரல்கள்மேல் தனிப் பிரியம். எல்லாக் கதைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு என்பதை மட்டும் அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். தோட்டக்காரர் சொன்ன வரலாற்றில் நாட்டைக் காப்பாற்றியவர் தோட்டக்காரர். பல் டாக்டர் சொன்னதில் பல் டாக்டர்.

வில்காக்ஸ் காலத்து நிகழ்ச்சிகளில் நிலாக்காரர்களுக்கு முக்கியமானது ஒன்றுதான். அதற்கு முன்பெல்லாம், நிலாவை ஆண்ட அமெரிக்கச் சட்டப்படி, அங்கே பிறந்த பிள்ளைகளைப் பதினெட்டு வயதில் பூமிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வடிவின் தாய்மாமா அப்படித்தான் போனார். திசையன்விளையில் விண்கப்பலைவிட்டு இறங்கிய நாலாம் மாதம், முதுகெலும்பு நொறுங்கி இறந்தார். அவருக்குத் தங்கையான வடிவின் அம்மாவுக்குப் பதினெட்டு ஆக இரண்டு மாதம் இருக்கையில் ஒரு மதியம் வில்காக்ஸ் நிலாப்பிறப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிறந்தவர்கள் பிறந்த இடத்திலேயே இருக்கலாம் என்றது சட்டம். அந்த மதியம் இல்லாவிட்டால் வடிவு பிறந்தே இருக்க மாட்டாள்.

அந்தக் கையெழுத்துக்கு ஐம்பதாவது ஆண்டு. சட்டத்தை எதிர்த்து நின்ற அதிபரின் மனத்தை மாற்றியவருக்கு நிலாவில் சிலை வைப்பது என்று முடிவாகியிருந்தது. யாருக்கு என்பதில்தான் தகராறு. உரிமை கொண்டாடிய இருவரும் பூமியில் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் அதிபரின் ஆலோசகராக இருந்த கார்ல் ஹென்ஷா, வயது நூற்றுப் பதினெட்டு.

“எம்மா, அந்த மனுசன் மாட்டவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாருல்லா,” என்றார் ஹென்ஷா திரையில். “நாந்தான் பக்கத்துல உக்காந்து, ‘ஐயா, பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைகளப் பிரிக்கலாமா’ன்னு கேட்டேன். அப்படியே கண்ணு கலங்கிட்டாரு.”

“அறையில வேற யாரும் இருந்தாங்களா, தாத்தா?”

“வேற யாரு? அவரும் நானுந்தான்.”

இன்னொருவர் அதிபரின் செயலாளர் லூயிஸ் பென்னிமேன் அம்மையார், வயது நூற்றுப் பன்னிரண்டு. ஹென்ஷா பெயரைக் கேட்டதுமே அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“அவனா? அன்னைக்கு அவன் ஊர்லயே இல்ல. சட்டம் ஆயிரத்து நூத்தி நாப்பது பக்கம். அவ்வளவையும் நாந்தான் அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். தொண்டத் தண்ணி வத்திப் போச்சுட்டி.”

யார் சொல்வது மெய் என்று தெரிய ஒரு வழி இருந்தது. அந்தக் காலத்து அதிபர்களின் கண்ணில் கண்பதிவி என்ற சில்லு வைத்திருந்தார்கள். அலுவலக நேரத்தில் அவர்கள் பார்ப்பதும் கேட்பதும் எல்லாம் அதில் பதிவாகும். பதிவை ஐம்பது வருடம் முத்திரையிட்டு வைத்து, பிறகு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. வில்காக்ஸின் முத்திரை ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது.

வடிவு பார்வைக் கவசத்தை மாட்டிக்கொண்டு, கையெழுத்து விழுந்த நான்கு நிமிடங்களை ஓடவிட்டாள்.

அறையில் ஹென்ஷா இல்லை. பென்னிமேன் இல்லை. யாருமே இல்லை. மேசைமேல் பாதி கடித்த சாண்ட்விச் இருந்தது. எதிரே திரையில் ஒரு தாய் வாத்து ஏழு குஞ்சுகளோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தது. கார்கள் நின்றிருந்தன. ஆறு குஞ்சுகள் நடைபாதை மேட்டில் ஏறிவிட்டன. ஏழாவது எம்பி எம்பி விழுந்தது. அது ஏறுமா ஏறாதா என்ற கட்டத்தில், திரையை மறைத்துக்கொண்டு நிலாப்பிறப்புச் சட்டம் வந்து நின்றது.

அதிபரின் விரல் ஒரே இழுப்பாக இழுத்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கமும் ஒரு விநாடியில் மேலே பறந்தன. அடியில் இரண்டு பொத்தான்கள். ‘படித்தேன், மறுக்கிறேன்’ என்பது சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. அதை அழுத்தினால் காரணம் எழுத வேண்டும். ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்பது பெரிதாக, பச்சையாக இருந்தது. விரல் பச்சையில் விழுந்தது. சட்டம் விலகியது. குஞ்சு மேலே ஏறியிருந்தது. அதிபர் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

வடிவு அதை மூன்று தடவை பார்த்தாள். முதல் தடவை சிரித்தாள். மூன்றாவது தடவை சிரிக்காமல் எழுந்து போய்க் காப்பக இயக்குநரைக் கூட்டிவந்தாள்.

இயக்குநர் ஜெபசிங்கும் பார்த்தார். கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எம்மா வடிவு, சட்டத்தோட முதல் வரி என்ன?”

“‘அதிபர் முழுவதும் படித்து, புரிந்து, ஒப்புக்கொண்டதால்’, அண்ணாச்சி.”

“படிக்கலன்னு ஆகிப்போச்சுன்னா?”

“சட்டம் செல்லாதுன்னு எவனாவது கேஸ் போடுவான். ஜெயிச்சா நாம நாலு லட்சம் பேரும் கப்பல் ஏறணும்.”

ஜெபசிங்கும் நிலாவில் பிறந்தவர்தான். அறுபத்திரண்டு வயது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அந்த நாலு நிமிசம் மட்டும் கெட்டுப் போச்சுன்னு எழுதிருவோமா? அம்பது வருசத்துப் பதிவு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்.”

தாய்மாமாவின் படம் அம்மாவின் அறையில் தொங்கியது வடிவின் நினைவுக்கு வந்தது. பதினெட்டு வயதுப் பையன், இடுப்பில் ஈயப் பட்டையோடு, பூமியைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம்.

“பத்தொன்பது வருசமா அடுத்தவங்க புளுகக் கேட்டு எழுதியிருக்கேன், அண்ணாச்சி. அதுக்கெல்லாம் ஒரே மருந்து இந்தப் பதிவுதான்னு நெனச்சிருந்தேன். இதுலயும் நான் கையை வச்சா அப்புறம் இந்தக் குகைக்குள்ள எதுக்கு உக்காந்திருக்கணும்?”

“அப்ப கப்பல்ல ஏறப் போறியா?”

“ஒரு நாள் குடுங்க. பார்வையாளர் உடன்படிக்கை ஒண்ணு எழுதணும்லா? அத நானே எழுதுதேன்.”

எந்தப் பதிவைத் திறந்தாலும் முன்னால் அப்படி ஓர் உடன்படிக்கை வைப்பது காப்பகத்தின் நடைமுறை. வழக்கமாக இயந்திரம் எழுதும். இந்த முறை வடிவு உட்கார்ந்து எழுபத்து மூன்று பக்கம் எழுதினாள். எதையும் ஒளிக்கவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில், மற்ற பக்கங்களைவிடப் பெரிய எழுத்தில் ஒரு பத்தி வைத்தாள். இதைப் படிப்பவர்கள் தம் பெயரை எழுதி அனுப்பினால் நிலாவில் சுட்ட முறுக்கு ஒரு டப்பா அனுப்பிவைக்கப்படும் என்பது அதன் சாரம். பூமியில் எங்கும் கிடைக்காத முறுக்கு. எடை குறைந்த இடத்தில் சுடுவதால் அது பஞ்சுபோல் உப்பும்.

“யாரு வாசிப்பா இத?” என்றார் ஜெபசிங்.

“அதத்தான் பாக்கப் போறேன்.”

பதிவு வெளியான முதல் வாரத்தில் தொண்ணூறு கோடிப் பேர் பார்த்தார்கள். வடிவு பயந்தபடியே இரண்டாம் வாரம் வழக்கு வந்தது. நிலாக் குடியிருப்புகளை உல்லாச விடுதிகளாக்க நெடுநாளாக முயன்றுவந்த ஒரு சங்கம் தொடுத்தது. அவர்களுடைய வக்கீல் பிரெஸ்காட் மூர், விண்வெளி நீதிமன்றத்தில் நீதிபதி இங்கிரிட் சோலம் முன்னால் அந்த நான்கு நிமிடங்களை ஓட்டிக் காட்டினார்.

“பாத்தியளா அம்மா?” என்று வடிவின் காதுக்குள் கேட்டது வக்கீலின் குரல். “வாத்தப் பாக்கதுக்காக ஒரு சட்டத்த ஏத்துக்கிட்டாரு. படிக்காம அழுத்தின பொத்தானுக்கு என்ன மரியாத? சட்டம் செல்லாதுன்னு சொல்லுங்க.”

சாட்சியாக வடிவு நிலாவிலிருந்து ஒளியுருவில் தோன்றினாள். ஒவ்வொரு சொல்லும் பூமிக்குப் போக ஒன்றேகால் விநாடி ஆனது.

“அம்மா, இந்தப் பதிவத் தொறக்கதுக்கு முன்னால எல்லாரும் எங்க உடன்படிக்கைய ஏத்துக்கிட்டிருக்காங்க. ‘படித்தேன், ஏற்கிறேன்’னு அழுத்தியிருக்காங்க. தொண்ணூறு கோடிப் பேரு. அதுல நாப்பத்தோராம் பக்கத்துல முறுக்குத் தாரோம்னு எழுதியிருந்தேன்.”

“முறுக்குன்னா?” என்றார் நீதிபதி.

வடிவு ஒரு முறுக்கைத் தூக்கிக் காட்டினாள். “இதக் கேட்டு இதுவரைக்கும் ஒரு பேரும் வரல.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “வக்கீலய்யா எவ்வளவு நேரத்துல அழுத்தினாரு?”

“முக்கால் விநாடி, அம்மா.”

“நான்?”

வடிவு தயங்கினாள். “நீங்க கொஞ்சம் நிதானம். ஒண்ணரை விநாடி.”

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அந்த ஆண்டில் தான் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைகளின் பட்டியலை எடுக்கச் சொன்னார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. மொழிக்காது, வீட்டுக் கதவு, குளியல் தொட்டி, செயற்கை முழங்கால், நீதிமன்றத்தின் தீர்ப்பெழுதும் கருவி எல்லாம் அதில் அடக்கம். எத்தனையைப் படித்தோம் என்று யோசித்தார். தொட்டிக்கு உரியதை மட்டும் படிக்கத் தொடங்கிய ஞாபகம் இருந்தது.

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. ‘படிக்காமல் கொடுத்த சம்மதம் செல்லாது என்றால் இந்தக் கட்டடத்தின் கதவு திறக்காது, என் முழங்கால் மடங்காது, வாதியான சங்கம்கூட முறைப்படி பதிவானதாகாது. ஒன்றரை நூற்றாண்டாக மனித குலம் பொத்தானைக் கண்ட இடத்தில் அழுத்தியே வாழ்ந்துவருகிறது. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் ஒருமனதாகச் செய்துவருவதற்கு வழக்கம் என்று பெயர். அதிபர் வில்காக்ஸ் வழக்கத்தை மீறவில்லை. நிலாப்பிறப்புச் சட்டம் செல்லும்.’

நிலாவில் அன்று நாலு லட்சம் பேரும் ஈயப் பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூரை தொட எம்பிக் குதித்தார்கள். ஜெபசிங் குதித்ததில் மேலே இருந்த விளக்கு ஒன்று உடைந்தது. வடிவின் அம்மா மட்டும் குதிக்கவில்லை. அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, அவனுக்குத் தீர்ப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினாள்.

மறுநாள் காலை ஹென்ஷா கூப்பிட்டார். “எம்மா, ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. அந்த வாத்துப் படத்த அவருக்கு அனுப்பி வச்சதே நாந்தான்.” அரை மணி கழித்து அதே செய்தியோடு பென்னிமேன் அம்மையாரும் வந்தார். வடிவு இருவருக்கும் மரியாதையாக ‘உம்’ கொட்டி, வாய்மொழி வரலாற்றில் இரண்டு புதிய அத்தியாயங்களைச் சேர்த்தாள். சிலைத் தகராறு அப்படியே நின்றது.

ஒரு மாதம் கழித்து, சரக்குக் கப்பலில் தாளில் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. கோவில்பட்டியிலிருந்து, பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய செண்பகவல்லி என்பவர் எழுதியிருந்தார்.

‘ஐயா / அம்மா, தங்கள் உடன்படிக்கையைப் படித்துக்கொண்டு வருகிறேன். நாற்பத்தோராம் பக்கத்தில் “இந்த பக்கத்தை” என்றிருக்கிறது. “இந்தப் பக்கத்தை” என்று ஒற்று மிக வேண்டும். நிலாவில் காற்று இல்லை என்று படித்திருக்கிறேன், ஒற்றுமா இல்லை? முறுக்கு வேண்டாம். எனக்குப் பல் இல்லை. மீதிப் பக்கங்களையும் முடித்துவிட்டுப் பதிவைப் பார்ப்பதாக இருக்கிறேன்.’

ஜெபசிங் கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். “ஏ, ஒருத்தங்க வாசிச்சிருக்காங்களே! கோர்ட்டுக்குத் தெரிஞ்சா?”

“தெரியட்டும், அண்ணாச்சி. கடிதாசு வந்த அன்னைக்கே நானே எழுதி அனுப்பிட்டேன். தொண்ணூறு கோடியில ஒருத்தங்க. அதனால வழக்கம் மாறாதுன்னு பதில் வந்துட்டு.”

வடிவு உடன்படிக்கையைத் திறந்து அந்த ‘ப்’பைப் போட்டாள். ஓர் எழுத்து மாறினாலும் விதிப்படி எல்லாரிடமும் மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். திருத்திய எழுபத்து மூன்று பக்கமும் பூமிக்குப் போயின. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தொண்ணூறு கோடிப் பேரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

செண்பகவல்லி மட்டும் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.