செவ்வாய்க்கிழமைப் பாதங்கள்

டெலிபோன் அலறியது!

"பாத சிகிச்சை நிலையமாம்மா? இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க வீட்டுக்காரர்..."

யாரோ ஒருவரின் குதிகாலில் இருந்த அவள் கட்டைவிரல் அப்படியே நின்றது.

அரை மணியில் பிணவறை. வழியெல்லாம் ஒரே வேண்டுதல்... அது அவராக இருக்கக் கூடாது!

மேஜையில் தலை முதல் கணுக்கால் வரை வெள்ளைத் துணி. பக்கத்தில் கணவனின் அண்ணன். கர்ச்சீப் நனைந்திருந்தது.

"முகத்தைப் பார்க்காதேம்மா. லாரி ஏறிடுச்சு. தம்பியோட சட்டை, மோதிரம், ஷூ... எல்லாம் நான் பார்த்துட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார்.

"உங்க வீட்டுக்காரரோட குடோன் தீ விபத்து கேஸ்மா. கதவைப் பூட்டி வச்சு நாலு பேர் வெந்து செத்தாங்களே... அடுத்த வாரம் விசாரணை. செத்தவர் மேல கேஸ் எப்படி நடத்தறது? மூட வேண்டியதுதான்."

அவள் பேனாவை வாங்கவில்லை.

கண்ணீர் பொலபொலவென்று உதிர, கை மட்டும் பழக்கதோஷத்தில் பாதங்களைத் தேடிப் போனது. ஊரில் பாதிப்பேரின் பாதம் அவளுக்கு அத்துப்படி. புருஷன் பாதம் மட்டும் தெரியாது! 'கண்டவன் காலைப் பிடிக்கிற கை. என்னைத் தொடாதே' என்பான். பன்னிரண்டு வருஷமாய்.

கட்டைவிரல் உள்ளங்காலில் ஊர்ந்தது.

நின்றது!

உருகி உறைந்த மெழுகு போல... தழும்பு. விரலடியிலிருந்து குதிகால் வரை.

செவ்வாய்க்கிழமை! பதினோரு மணி!

"சார்... இது என் வீட்டுக்காரர் இல்ல."

"புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு?" அண்ணன் பாய்ந்தான்.

"குடோன் வாட்ச்மேன் சார் இவரு! பூட்டை உடைக்க வெறுங்காலோட நெருப்புல ஓடினவரு. தழும்பு இறுகி நடக்க முடியாம, வாராவாரம் செவ்வாய்க்கிழமை எங்கிட்ட வருவாரு."

"உங்க கணவர் காலும் வெந்திருக்கலாமே?"

"அவர் ரோட்டுல நின்னு வேடிக்கை பார்த்தவர் சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"கேஸ்ல ஒரே சாட்சி இவன்தான்... சாட்சியும் காலி, உங்க வீட்டுக்காரரும் செத்த மாதிரி. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா! இவனைக் காணோம்னு ஒரு புகார் கூட வரலையேம்மா?"

"குடுக்க யாருமில்ல சார் அவருக்கு." அவள் குரல் உடைந்தது. "'உள்ளங்கால்ல இங்க அழுத்தினா ஈரலுக்கு நல்லது, அங்க அழுத்தினா நுரையீரலுக்கு நல்லதுங்கறீங்க... எனக்கு எங்க அழுத்தினாலும் அந்த நாலு பேர் கத்தறதுதான் கேக்குதும்மா'ன்னு அழுவாரு."

அண்ணன் கதவுப் பக்கம் நழுவினான்.

"கான்ஸ்டபிள்... கதவு!"

கொத்தாகச் சட்டையைப் பிடித்தார்கள். ஐந்தே நிமிஷம். தம்பி ஒளிந்திருக்கும் லாட்ஜ், அறை எண், லாரி டிரைவர்... எல்லாம் கொட்டியது.

அவள் துணியை இழுத்து அந்தப் பாதங்களை மூடினாள். போர்த்திவிட்டும் கையை எடுக்காமல் நின்று அழுதாள்.

"அடக்கம் நான் பண்றேன் சார். உறவுன்னு என் பேரைப் போட்டுக்குங்க."

இன்ஸ்பெக்டருக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னார்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா. எப்படியோ... உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ரொம்ப சந்தோஷம் சார். உசிரு இருந்தாத்தானே தூக்குல போட முடியும்!"